ரூட் மேப்பும் டெய்லி ரிப்போர்ட்டும்

எனக்கு வீடு கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. மெடிக்கல் ரெப் வேலை, ஏரியா கோழிக்கோடு வரை. 2018 மே மாதம் அங்கே நிபா வைரஸ் காய்ச்சல் வந்தபோது எங்கள் வீட்டில் பயமெல்லாம் மாம்பழத்தின் மேல்தான். "வௌவால் கடிச்சிருக்கும் கண்ணு, தொடாதே" என்று அம்மா கூடையையே கொல்லையில் கொட்டிவிட்டார். பழந்தின்னி வௌவாலிடம் அந்தக் கிருமி இருப்பது உண்மைதான். ஆனால் அந்த முறை பெரும்பாலானோருக்கு நோய் தொற்றியது ஆஸ்பத்திரியில். நோயாளியோடு துணைக்கு இருந்தவர்கள், அதே வராந்தாவில் காத்திருந்தவர்கள், பேராம்பிராவில் பணியிலிருந்த செவிலியர் லினி. டாக்டர் கூப்பிடும்வரை பையோடு மணிக்கணக்கில் நிற்கிற ரெப்பும் அந்த வராந்தாவில்தானே நிற்கிறான்? மாம்பழத்தைவிட எனக்கு அதுதான் உறுத்தியது.

2023 செப்டம்பரில் மறுபடியும் கோழிக்கோட்டில் நிபா. கோயம்புத்தூர் மீட்டிங்குக்குப் போகும்போது வாளையாறு எல்லைச் சோதனைச் சாவடியில் நெற்றியில் கருவியைக் காட்டி, காய்ச்சல் இல்லை, போகலாம் என்றார்கள். சரி, அவர்கள் வேலையைச் செய்தார்கள். ஆனால் கிருமி நுழைந்தபின் காய்ச்சல் வர பொதுவாக 4 முதல் 14 நாள் ஆகும். இன்றைய நெற்றிச் சூட்டைவிட, போன வாரம் எந்த ஆஸ்பத்திரியில் நின்றேன் என்பதுதான் முக்கியம்.

கேரள சுகாதாரத் துறை வெளியிட்ட ரூட் மேப் அதைத்தான் கேட்டது. நோயாளி எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே இருந்தார் என்று வரிசையாக இருக்கும். நம் நடமாட்டத்தை அதோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். அன்றன்று எந்த டாக்டரைப் பார்த்தோம் என்று டெய்லி ரிப்போர்ட் எழுதுவது எந்த ரெப்புக்கும் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் கதை எழுதுகிறவர்கள் உண்டு. அந்த வாரம் அவர்கள் பெட்ரோல் பில்லையும் ஜிபே கணக்கையும் வைத்து, எங்கே போனோம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் கால் ஆவரேஜ், அதாவது ஒரு நாளைக்குச் சராசரியாகப் பார்க்கிற டாக்டர்களின் எண்ணிக்கை, குறையக்கூடாது என்றார். டாக்டர்களோ ரெப் யாரும் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது. சாம்பிளை பார்மசியில் கொடுத்துவிட்டு, மற்றதைப் போனில் பேசினேன்.

இப்போதும் என்95, சானிடைசர் பையில் இருக்கின்றன. கூடவே, ரிப்போர்ட்டில் டாக்டர் பெயருக்குப் பக்கத்தில் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எந்த மாடி என்று எழுதுகிறேன். மேனேஜருக்கு அது வேண்டாம். சுகாதாரத் துறையிலிருந்து போன் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.