மாம்பழக் கூடைக்குள் மீனு

மருத்துவர் என் பூனை மீனுவுக்குத் தடுப்பூசியைப் பின்னங்காலில், முட்டிக்குக் கீழே போட்டார்.

"கழுத்துல போடலையா சார்?"

"கட்டி கிட்டி வந்தா காலை எடுத்தாவது காப்பாத்தலாம்மா. கழுத்துன்னா கஷ்டம்."

எனக்குக் கை நடுங்கிவிட்டது. மாம்பழக் கூடைக்குள் சுருண்டிருந்த மீனு என்னையே பார்த்தாள்.

தடுப்பூசி போட்ட இடத்தில் சில பூனைகளுக்குப் புற்றுக்கட்டி வருவது உண்மைதான். ஆனால் 10,000 பூனைகளில் ஒன்றுக்கு, அல்லது அதைவிடவும் குறைவு.

போன வருஷம் இவளுடைய அண்ணன் போனது வேறு விதம். தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். தாகம். ஆனால் ஒரு வாய் குடிக்க முடியவில்லை. பான்லுகோபீனியா, பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸ் நோய். 2 நாளில் முடிந்துவிட்டது. அதற்கும் தடுப்பூசி உண்டு, நான்தான் போடவில்லை.

அப்புறம் ரேபிஸ். அறிகுறி தெரிந்துவிட்டால் பூனையானாலும் மனிதரானாலும் காப்பாற்ற மருந்தில்லை. எங்கள் பழையபேட்டைத் தெருவில் நாய்கள் அதிகம். மீனு ராத்திரி சுற்றிவிட்டு வந்து அம்மாவின் காலடியில்தான் படுப்பாள்.

சரி, போட்டாச்சு. தேதியைக் காலண்டரில் குறித்திருக்கிறேன். சின்ன வீக்கம் வந்தால் பெரும்பாலும் தானாக வடிந்துவிடுமாம். 3 மாதமாகியும் இருந்தாலோ, 2 செ.மீ.க்கு மேல் போனாலோ, 1 மாதத்துக்குப் பிறகும் வளர்ந்தாலோ உடனே காட்ட வேண்டும்.

இப்போது மடியில் தூங்குகிறாள். அந்தக் காலை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.