செங்குத்துக் கரையில் பீவர் பொறி: ஏப்ரல் குறிப்புகள்

ஏப்ரல் 8

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து ரெட் டியர் ஆற்றில் பனிக்கட்டி உடைந்து நான்கு நாள் ஆகிறது. டிரம்ஹெல்லர் ஊருக்குக் கீழே, நான் வேலை பார்க்கும் பண்ணையின் ஓரத்தில், கார் அளவுக் கட்டிகள் இன்னும் கரையேறிக் கிடக்கின்றன. பக்கத்துப் பண்ணைப் பெரியவரோடு இன்று கரையைப் பார்க்கப் போனேன். எழுபது தாண்டியவர், சின்ன வயதிலிருந்தே பொறி வைக்கிறவர். போன குளிர்காலத்தில் பொறி வைப்பதற்கான வகுப்புக்கும் தேர்வுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனவரும் அவர்தான்.

போன ஆகஸ்டில் புல்வெளி விளிம்பில் டிராக்டரின் முன்சக்கரம் திடீரென்று தரைக்குள் இறங்கிவிட்டது. அடியில் பீவர் வளை. பீவர் என்பது ஆற்றிலும் ஓடையிலும் வாழும், மரம் கடிக்கும் பெரிய கொறிவிலங்கு. ஓடைகளில் இருக்கும் பீவர்தான் அணை கட்டும். இவ்வளவு பெரிய ஆற்றை அதனால் மறிக்க முடியாது, மறிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆழம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் கரையைக் குடைந்துகொள்கிறது. வாசல் தண்ணீருக்கு அடியில், அங்கிருந்து மேலேறும் சுரங்கம், முடிவில் ஈரமில்லாத ஓர் அறை. அந்த அறையின் கூரைமேல்தான் நான் டிராக்டர் ஓட்டியிருக்கிறேன்.

இரவு அம்மா போனில், “நீர்நாயையா பிடிக்கப் போற?” என்றாள். நீர்நாய் மீன் தின்னும்மா, இது மரப்பட்டை தின்னும் என்றேன். நம்பவில்லை.

ஏப்ரல் 9

பாதி நாள் நடைதான். கரை சில இடங்களில் இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர்போல நிற்கிறது. பீவர் ஏறி இறங்கும் சறுக்குகள் ஐந்து கண்டோம். நடுவில் ஈரம் பளபளத்தால் அது நேற்று ராத்திரி பயன்பட்டது. பட்டை உரித்த வில்லோக் குச்சிகள் எலும்பு மாதிரி வெள்ளையாக ஒதுங்கியிருந்தன. இரண்டு சறுக்குகளின் பக்கத்தில் பிடி மண்ணைக் குவித்து வைத்த சின்னக் கூம்புகள். அதன்மேல் தன் சுரப்பியின் மணத்தை விட்டு, ‘இது என் இடம்’ என்று பீவர் சொல்லிவைக்கிறது. இரண்டு வயதான குட்டிகள் வீட்டைவிட்டுப் புது இடம் தேடும் காலம் இது; அதனால் இந்த அறிவிப்புகளும் அதிகம்.

தண்ணீரோரம் நின்ற பழைய காட்டன்வுட் மரங்களுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே கம்பிவலை சுற்றிவிட்டோம். அவை பிழைத்தன. வளைக்குத்தான் வலை கட்ட வழியில்லை.

ஏப்ரல் 10

லேசான மழை. இந்தப் பக்கத்துக் களிமண்ணில் பென்டோனைட் என்ற, நீர் குடித்து உப்பும் மண்வகை கலந்திருக்கிறது. காய்ந்தால் பாப்கார்ன் மாதிரி பொரிந்து நிற்கும், நனைந்தால் சோப்புதான். மேலே மரத்தில் கயிறு கட்டி அதைப் பிடித்துத்தான் இறங்கினேன். அப்படியும் ஒருமுறை சறுக்கு வழியே, பீவர் போகிற அதே பாதையில், இடுப்பளவுத் தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரியவர் சிரிக்காதது ஆச்சரியம்.

வளை வாசல்களில் ‘330’ என்ற வகைப் பொறி. பத்து அங்குலச் சதுரம், இரண்டு பக்கமும் சுருள்வில். நீந்தி நுழையும்போது கழுத்திலோ நெஞ்சிலோ அடித்து மூடிக்கொள்ளும். வேலை சீக்கிரம் முடிந்துவிடும், அதனால் எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் கையை மாட்டிக்கொண்டால் தனியாளாக விடுவித்துக்கொள்வது பெரும்பாடு. வில்லைக் கயிறு போட்டு மிதித்து அமுக்குவது எப்படி என்று வகுப்பில் கண்ணைக் கட்டி ஒத்திகை பார்க்க வைத்தார்கள்.

மண்கூம்புகளுக்குக் கீழே காலைக் கவ்வும் கால்பொறி. இதை வைக்கும்போது கவனமெல்லாம் கம்பியில் இருக்க வேண்டும். பொறி ஒரு சாண் தண்ணீருக்கு அடியில். அதிலிருந்து ஒரு கம்பி மடுவுக்கு இறங்குகிறது, அதன் முனையில் கல் நிரப்பிய தீவனச் சாக்கு. கம்பியில் ஓடும் வளைந்த தகடு கீழே போகும், மேலே வராது. பயந்த பீவர் ஆழத்துக்குத்தான் பாயும். பாய்ந்தால் திரும்பி மேலே வர முடியாது, மூழ்கிவிடும். கால் மணி நேரம்கூட மூச்சடக்கக்கூடிய பிராணி என்பதை நினைத்தால் இந்த முறை எனக்குக் கசக்கிறது. ஆழம் இருந்தால் கரையிலே தவிக்காது என்பது பெரியவர் கட்சி.

ஏப்ரல் 11

‘330’ பொறியில் ஒரு பீவர். பெரிய ஆண், இருபத்தேழு கிலோ. மேலே தூக்குவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

ஏப்ரல் 13

இதை எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் சறுக்கில் காலையில் போனபோது தண்ணீர் கலங்கி ஆடிக்கொண்டிருந்தது. பீவர் உயிரோடு இருந்தது. முழங்கால் ஆழத்தில், தலை வெளியே. எட்டிய தூரத்தில் இருந்த வேர், குச்சி எல்லாவற்றையும் கடித்துத் துப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் வாலால் தண்ணீரை அறையவில்லை, ஆரஞ்சு நிறப் பல் தெரிய அப்படியே உட்கார்ந்திருந்தது. எத்தனை மணி நேரமாக அப்படி இருந்ததோ.

பெரியவர் துப்பாக்கியை எடுத்தார். ஒரே குண்டு.

தப்பு என்னுடையது. அந்த இடத்தில் நான்தான் சாக்கை மேலிருந்து வீசினேன். விழுந்த சத்தத்தை வைத்தே ஆழம் என்று முடிவு கட்டிவிட்டேன். கரை சுவர்போல இருந்தால் அடியும் அப்படியே இறங்கும் என்று யார் சொன்னது? போன வருஷம் சரிந்த களிமண் தண்ணீருக்குள் திண்ணை மாதிரி நின்றிருக்கிறது. சாக்கு அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. கலங்கல் நீரில் அது கண்ணுக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது வண்டியில் ஒரு வார்த்தை இல்லை.

ஏப்ரல் 14

விடிந்ததும் பெரியவர் ஒரு நீளக் கழியோடு வந்து நின்றார். அடிக்கு ஒரு கோடு சிவப்புப் பெயிண்டில், ஈரம்கூடக் காயவில்லை. கால்பொறி வைத்த ஒவ்வோர் இடத்திலும் நான் கழியை இறக்க, அவர் மேலிருந்து “எத்தனை?” என்று கேட்டார்.

“ஆறு.”

“சரி.”

“நாலரை.”

“இன்னும் தள்ளிப் பார்.”

ஓர் இடத்தில் மூன்று அடிதான். அந்தப் பொறியை எடுத்துவிட்டோம். மூன்றாம் சறுக்கைத் தொடவே இல்லை.

ஏப்ரல் 17

இதுவரை ஐந்து. நாள் முழுக்கக் கொட்டகையில் தோல் வேலை. தாடையிலிருந்து வால்வரை ஒரே கீறல், கால்களைச் சுற்றி வெட்டு. கொழுப்பு தோலோடு அப்படி ஒட்டியிருக்கிறது, ஒரு தோலைச் சுரண்ட எனக்கு ஒன்றரை மணி நேரம். பெரியவருக்கு அரை மணி. கையுறை கட்டாயம், பீவரிடமிருந்து துலரீமியா என்ற பாக்டீரியாக் காய்ச்சல் தொற்றும். பிறகு பிளைவுட் பலகையில் முட்டை வடிவில் இழுத்து ஆணி. மேல்முடியை ஊதி விலக்கினால் அடியில் பஞ்சுபோல இன்னொரு அடுக்கு. 1670இல் தொடங்கிய, தோல் வியாபாரம் செய்த ஹட்சன்ஸ் பே கம்பெனி இந்த அடிமுடிக்காகத்தான் அலைந்தது: அதை அமுக்கித்தான் தொப்பிக்கான ஃபெல்ட் துணி செய்தார்கள். அன்று துப்பாக்கி, கோடரி, கெண்டி எல்லாவற்றுக்கும் பீவர் தோலில்தான் விலை. இப்போது என் சட்டைப் பையில் இருக்கும் கனடா ஐந்து சென்ட் காசில் பீவர் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது.

தோலைவிடச் சுரப்பிகளுக்குத்தான் கிராக்கி என்கிறார் பெரியவர். வாசனைத் திரவியக்காரர்கள் வாங்குவார்கள். ஜோடி ஜோடியாகக் கொட்டகையில் தொங்குகின்றன. செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாடை, அதற்குள் எங்கோ இனிப்பு. என் தலைமுடியிலும் ஏறிவிட்டது; வீட்டில் தலையணையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 20

மேற்கே மழைபோல. ராத்திரிக்குள் ஆற்றில் ஒன்றரை அடி ஏற்றம். இனி பொறி வைப்பதில்லை. எப்படியும் இந்த வாரத்தோடு நிறுத்துவதுதான் பெரியவர் வழக்கம்; அடுத்த மாதம் குட்டி போடும் காலம். பொறிகளை எல்லாம் எடுத்தோம். ஐந்தாம் சறுக்கில் சாக்கு வண்டலில் புதைந்து அசையவே இல்லை, கம்பியை வெட்டி எடுத்துக்கொண்டேன். மத்தியானம் டிராக்டர் இறங்கிய பள்ளத்தில் கூழாங்கல் கொட்டினேன். மூன்று லோடு போயும் நிறையவில்லை. நாளைக்கு இன்னும் இரண்டு.