குஞ்சு கைக்கு வர ஐந்து கிழமை

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் முன்விறாந்தையில் இப்போது ஒரு பச்சை லவ் பேர்ட்ஸ் குஞ்சு இருக்கிறது. சரியான பெயர் பட்ஜரிகர், ஊர் அவுஸ்திரேலியா. கடையில் அப்படிக் கேட்டால் யாருக்கும் விளங்காது. நான் பார்த்து வாங்கியது இரண்டே விஷயம்தான்: நெற்றிக் கோடுகள் சொண்டு வரை இறங்கியிருக்க வேண்டும், கண் முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும். மூன்று நாலு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்தால் நெற்றிக் கோடு போய்விடும், கண்ணில் வெள்ளை வளையம் விழத் தொடங்கும். வளர்ந்ததையும் பழக்கலாம், ஆனால் எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "செட்டையை வெட்டித் தரட்டா, கெதியாகப் பழகும்" என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றேன். பறக்க முடியாமல் கையில் இருப்பதற்குப் பெயர் பழக்கமா?

முதல் கிழமை ஒன்றுமே செய்யவில்லை. கூட்டின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, என் முகமட்டத்துக்கு வைத்தேன். தலைக்கு மேலே இருந்து வருவதெல்லாம் அதற்குப் பருந்துதான். பின்னேரங்களில் கதிரையை இழுத்துப் போட்டுப் பேப்பரைச் சத்தமாக வாசித்தேன். "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று அம்மா குசினியிலிருந்து கேட்டார்.

இரண்டாம் கிழமை கையைக் கூட்டுக்குள் வைத்தேன். உள்ளங்கையில் கொஞ்சம் தினை. பத்து நிமிடம் அசையக்கூடாது. தோள் உளைந்ததுதான் மிச்சம், குஞ்சு தூர மூலையிலேயே நின்றது.

பதினோராம் நாள் கெடுத்தேன். அக்காவின் மகன் வந்தான். "மாமா, ஒருக்கா பிடிச்சுத் தாங்கோ." துவாயால் மூடிப் பிடித்துவிட்டேன். முப்பத்தைந்து கிராம்கூட இராது, கைக்குள் நெஞ்சு படபடவென்று அடித்தது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சை இழுக்கிற தசை, இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் வெளியில் காயமே தெரியாமல் மூச்சு முட்டிப் போகும். நல்ல காலம், அது விரலைக் கடித்தது, நான் விட்டுவிட்டேன். அதுவும் பிழைதான். கடித்தால் கை விலகிப் போகும் என்று படித்துக்கொண்டது. பிறகு நாலு நாள், கை கூட்டுக் கதவைத் தொட்டாலே கத்தல்.

அந்த வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போனேன். போகிற வழியில் பிரெட்ரிக் கோட்டை வாசலில் வழக்கமான மான் கூட்டம். ஒரு பெடியன் தடவ ஓடினான், மான் விலகியது. பக்கத்தில் ஒரு ஐயா வாழைப்பழத் தோலை நீட்டியபடி, மானைப் பார்க்காமலே வேறு யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். அதே மான் அவரிடம் போய்ச் சாப்பிட்டது. நான் குஞ்சையே உற்றுப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்!

அன்றிலிருந்து கையை உள்ளே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிப் போனைப் பார்த்தேன். மூன்றாம் நாள் தினை குறைந்தது.

நாலாம் கிழமைதான் விரல். சுட்டுவிரலைக் காலுக்குச் சற்று மேலே, வயிற்றோடு மெல்ல வைத்தேன். முதலில் சொண்டால் விரலைக் கவ்வியது. இது கடி இல்லை. கிளை தாங்குமா என்று பார்க்கிற பிடி. இழுத்தால் கதை முடிந்தது. இழுக்கவில்லை. ஒரு கால் வந்தது. மற்றக் கால் தடியிலேயே, அரை நிமிடம் இருக்கும். அந்த நேரம் பார்த்துக் கச்சான் காற்று பின்கதவை அறைந்தது. செட்டையை உடம்போடு ஒட்டி ஊசி மாதிரி மெலிந்து நின்றது, ஆனால் காலை எடுக்கவில்லை. பிறகு மற்றக் காலும் வந்தது. இளஞ்சூடு, நகம் தோலில் நுள்ளியது.

இப்போது ஐந்தாம் கிழமை. ஃபானை நிறுத்தி, யன்னலைச் சாத்திவிட்டு வெளியே விடுகிறேன். வலது கைக்கு வருகிறது, தோளில் ஏறிக் காதைக் கொத்துகிறது. இடது கை இன்னும் ஆகாது, அதில் மணிக்கூடு. நேற்றுக் கழற்றி வைத்துவிட்டு நீட்டினேன். இரண்டு தினை எடுத்தது.