சதுரகிரி ஏறிய பழைய சாரணர்கள்

பிப்ரவரி 18, 2024, ஞாயிறு

1984-இல் எங்கள் சாரணர் அணியில் இருந்த எட்டுப் பேரில் ஏழு பேர் இன்று மாலை வண்டியூர் தெப்பக்குளக் கரையில் கூடினோம். எட்டாமவரைக் கொரோனா கொண்டுபோய்விட்டது. ஒன்றாக ஒரு பெரிய மலை ஏற வேண்டும் என்று ஆண்டுதோறும் பேசுவோம், பேச்சோடு நின்றுவிடும். சதுரகிரிக்கு அறுபது வயதைத் தாண்டியவர்களை அனுமதிப்பதில்லை என்று ஒருவர் நினைவூட்டியதும்தான் எல்லோருக்கும் உறைத்தது. மூத்தவனான எனக்கு ஐம்பத்தைந்து. மாசிப் பௌர்ணமி வரும் சனிக்கிழமை வருகிறது. அன்றைக்கே ஏறுவது என்று முடிவு செய்தோம்.

பிப்ரவரி 22, வியாழன்

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1857-இல் பிறந்த நாள் இன்று. எங்கள் சாரணர் ஆசிரியர் இந்த நாளில் கொடியேற்றி முடித்ததும் எங்களைத் தரையில் உட்காரவைத்து, தடக்குறிகளைக் கற்களால் அடுக்கிக் காட்டுவார். அம்புக்குறி என்றால் இந்த வழியே வா. பெருக்கல் குறி என்றால் இந்த வழி வேண்டாம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் வீடு திரும்பிவிட்டேன். கென்யாவில் பேடன் பவலின் கல்லறையிலும் அந்த வட்டமும் புள்ளியும்தான் பொறிக்கப்பட்டிருக்கின்றன என்று அவர் சொன்னபோது, எங்கள் சாரணர் படையில் இருந்த அத்தனை பேரும் வாயடைத்துப் போனோம். முன்னால் போகிறவன் குறி வைக்க வேண்டும், கடைசியில் வருகிறவன் அதைக் கலைத்துவிட்டு வர வேண்டும் என்பது அவர் வகுத்த விதி.

இன்று பெட்டியைத் துழாவியபோது கழுத்துத் துணி கிடைத்தது. முனையில் பூச்சி அரித்திருக்கிறது. ஆனால் அம்மா மஞ்சள் நூலால் தைத்த என் பெயரின் முதல் எழுத்து அப்படியே இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நாகமலையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு அணிகளுக்கு இடையே நடந்த நடைப்போட்டியில் நான் அணித்தலைவன். முதலில் போய்ச் சேர வேண்டும் என்ற வேகத்தில் ஒரு பிரிவு வழியில் குறி வைக்காமல் போய்விட்டேன். செருப்பு வார் அறுந்து பின்தங்கியிருந்த எங்கள் அணியின் கடைசிப் பையன் தப்பான பாதையில் இறங்கி, பொழுது சாய்ந்த பிறகு ஆடு மேய்ப்பவர்களோடு வந்து சேர்ந்தான். போட்டியில் நாங்கள்தான் முதலிடம். குறி வைத்தாயா என்று ஆசிரியர் கேட்டார். வைத்தேன் என்று சொன்னேன்.

பிப்ரவரி 24, சனி (இரவு)

விடியற்காலை மூன்று மணிக்கு வேன் கிளம்பியது. திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு என்று ஊர்கள் இருட்டிலேயே கடந்தன. தாணிப்பாறையில் வனத்துறையினர் பைகளைச் சோதித்து நெகிழிப் பொருட்களை எடுத்துவிடுகிறார்கள். எங்கள் புளியோதரை வாழை இலையில் இருந்ததால் தப்பித்தது. இரவில் மேலே தங்க முடியாது. வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும்.

அடிவாரத்தில் ஒருவருக்கொருவர் சாரணர் முறைப்படி இடக்கையால் கைகுலுக்கிக்கொண்டோம். வழக்கப்படி என்னை முன்னால் நடக்கச் சொன்னார்கள். நான் மறுத்து, அன்றைய கடைசிப் பையனை முன்னால் அனுப்பினேன். அவர் இன்று மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிறார். எங்களில் உடல் இளைக்காமலும் பெருக்காமலும் இருப்பவர் அவர் ஒருவர்தான். “பின்னால வர்றவுங்களுக்குக் குறி வச்சுக்கிட்டே போறேண்ணே” என்றார். முழங்கால் வலிக்காரர் ஒருவரோடு நான் கடைசியில் நடந்தேன்.

பௌர்ணமிக் கூட்டத்தில் பாதை தவற வழியே இல்லை. ஆயினும் அவர் குறி வைத்திருந்தார். வழுக்குப்பாறையைத் தாண்டியதும், யார் காலும் படாதபடி ஒரு மரத்தின் வேரிடுக்கில் முதல் அம்பைப் பார்த்தேன்: நீளவாக்கில் மூன்று கற்கள், தலைப்பக்கம் சாய்வாக இரண்டு சிறு கற்கள். ஆசிரியர் அடுக்கிய அதே அடுக்கு. குனிந்து கலைத்தேன். சங்கிலிப்பாறையில் ஓடை ஒடுங்கிக் கிடந்தது. மழைக்காலத்தில் இங்கே வெள்ளம் வந்தால் மலையேறவே விடமாட்டார்கள். அங்கே சங்கிலியைப் பிடித்து ஏறி மூச்சு வாங்கியபோது, தலைக்கு மேலே ஒரு சாம்பல் நிற அணில், முழம் நீள வாலோடு, கிளைவிட்டுக் கிளை தாவிப் போயிற்று. அதற்காக இந்தக் காட்டைச் சரணாலயமாக அறிவித்தது 1988-இல். நாங்கள் சாரணர்களாக இருந்தபோது அந்தப் பெயரே கிடையாது. 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கிவிட்டார்கள். காடு இவ்வளவு அடர்த்தியாகத் தப்பிப் பிழைத்திருப்பதைக் கண்ணால் பார்த்தது பெரிய நிறைவு.

கோரக்கர் குகையருகே அவர் எங்களுக்காக உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். நான் நாகமலைப் பேச்சை எடுத்தேன். அவரே முந்திக்கொண்டார்: “அந்தக் குறி என் கண்ணுக்குத்தான் தட்டுப்படலண்ணே. இந்த நாப்பது வருசத்துல அங்க ரெண்டு மூணு தடவ போயி, எந்த எடத்துல விட்டேன்னு பாத்துட்டு வந்தேன்.”

நான் குறி வைக்கவே இல்லை என்று சொன்னேன். ஆசிரியரிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “சாருக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். முழங்கால் வலிக்காரர் திரும்பி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். என்னால் பேச முடியவில்லை.

அதன் பிறகு இரட்டை லிங்கம் வரை ஒரு குறிகூடத் தென்படவில்லை. அந்தத் தொலைவு எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. பசுக்கிடையைத் தாண்டி நாவல் ஊற்றுக்கு அருகே மறுபடியும் அம்பு இருந்தது. இந்த முறை கற்கள் பெரியவை.

பிலாவடிக் கருப்பரை வணங்கிவிட்டுச் சன்னிதிக்குப் போய்ச் சேர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் சுந்தரமகாலிங்கத்தின் முன்னால் ஏழு பேரும் வரிசையாக நின்றோம். எட்டாமவரின் மனைவி கொடுத்தனுப்பிய வில்வமாலையை ஐயரிடம் கொடுத்தோம். பிறகு புளியோதரையைப் பங்கிட்டபோது, மேலூர்க்காரர் தன் இலையில் இருந்த வடகத்தில் பாதியை ஒடித்து ஒன்றும் சொல்லாமல் என் இலையில் வைத்தார்.

இறக்கத்தில் முழங்கால் வலிக்காரரைத் தாங்கி வந்ததால் நாங்கள் இருவரும் கடைசி. தாணிப்பாறையை அடைந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வேனின் படியருகே மண்ணில் குச்சியால் கீறிய ஒரு வட்டமும் நடுவே ஒரு கூழாங்கல்லும் இருந்தன. மேலூர்க்காரர் உள்ளே முன் இருக்கையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வட்டத்தைக் காலால் கலைத்துவிட்டு ஏறினேன்.