ஐப்பசி அடைமழைக்கு முன்: ஒரு தீயணைப்பு நிலையத்தின் நாட்குறிப்பு

1 அக்டோபர் 2024, செவ்வாய்

காலை அணிவகுப்பு முடிந்ததும் வாட்டர் டெண்டர் (தண்ணீர்த் தொட்டியுள்ள தீயணைப்பு வண்டி) சோதனை. தொட்டியில் 4,500 லிட்டர் இருக்கிறதா என்று பக்கவாட்டு அளவுக் குழாயை மட்டும் பார்த்து எழுதக் கூடாது. குழாயில் சேறு அடைத்தால் பாதித் தொட்டியும் முழுத் தொட்டியாகத்தான் தெரியும். மேல்மூடியைத் திறந்து பார்ப்பதே வழி. அடுத்தது ஏர் பிரேக். ராத்திரியில் காற்று கசிந்திருந்தால் காலையில் அழுத்தம் ஏறும்வரை வண்டி நகராது. மணி அடித்தபின் இப்படிக் காத்திருக்கும் இரண்டு நிமிடத்தில் ஒரு கூரை வீடு முடிந்துபோகும்.

பிறகு பம்ப்பின் வெற்றிடச் சோதனை: உள்ளிருக்கும் காற்றை எடுத்துவிட்டு, வெளிக்காற்று எங்காவது நுழைகிறதா என்று பார்ப்பது. தண்ணீரை உறிஞ்சும் சக்‌ஷன் ஹோஸை மாட்டி நுனியை மூடியால் அடைக்க வேண்டும். தண்ணீர் வெளியேறும் டெலிவரி வால்வுகளை மூட வேண்டும், ஆனால் வால்வுக்கு வெளியே உள்ள மூடிகளைக் கழற்றிவிட வேண்டும். அவை இருந்தால் வால்வின் கசிவு மறைந்துவிடும். காற்றை வெளியேற்றும் பிரைமரை ஓட்டி, அழுத்தமானியின் முள் 0.8 பார் (அழுத்த அலகு) வெற்றிடத்தைத் தொட்டதும் நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். 0.3 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ காற்று நுழைகிறது என்று பொருள்.

இன்று அரை நிமிடத்துக்குள் அதைவிட அதிகம் இறங்கிவிட்டது. உள்ளே இழுக்கும் காற்று கண்ணுக்குத் தெரியாது, வெளியே சொட்டும் தண்ணீர் தெரியும். அதனால் தொட்டித் தண்ணீரைப் பம்ப்பில் விட்டு லேசாக அழுத்தம் கொடுத்தால் கசிவு தானே காட்டிக்கொடுக்கும். வழக்கமான இடங்கள் நான்கு: சக்‌ஷன் இணைப்பின் ரப்பர் வாஷர், வடிகால் குழாய், சுழல்தண்டின் கிளாண்ட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு), டெலிவரி வால்வு. இன்று சொட்டியது வாஷரில். வெயிலில் காய்ந்து இறுகி, ஓரத்தில் மணலும் ஒட்டியிருந்தது. “பம்ப் தண்ணீர் எடுக்கவில்லை” என்று வரும் புகார்களில் பம்ப்பின் குற்றம் குறைவு, இந்த வாஷரின் குற்றம்தான் அதிகம். புதியது மாட்டியாயிற்று. இருப்பில் இன்னும் இரண்டுதான் இருக்கின்றன.

4 அக்டோபர், வெள்ளி

ஹோஸ் கணக்கு. ஒவ்வொன்றும் 63 மி.மீ. விட்டம், 15 மீட்டர் நீளம். ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் கிடந்தால் மடிப்புக் கோட்டில்தான் கிழியும். அதனால் மாதம் ஒருமுறை பிரித்து வேறிடத்தில் மடிக்க வேண்டும். அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும்போது நடுப்பகுதியைப் பார்த்தால் போதாது, இணைப்பை ஒட்டிய ஒரு சாண் நீளத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். கட்டுக்கம்பி அறுப்பது அங்கேதான். சாலையைக் கடந்து போட்ட ஹோஸ்மேல் லாரி ஏறினாலும் முதலில் நசுங்குவது இணைப்பின் வாய். கண்ணுக்கு வட்டமாகத் தெரியும், மாட்டினால் பூட்டாது.

புதிதாக வந்தவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஹோஸின் முனையில் மாட்டும் நாசிலின் விட்டத்தை (மி.மீ.) அதே எண்ணால் பெருக்கு, அதை அழுத்தத்தின் (பார்) வர்க்கமூலத்தால் பெருக்கு, வருவதில் மூன்றில் இரண்டு பங்கு எடு. அதுதான் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது. 20 மி.மீ. நாசிலில் 4 பார் என்றால் சுமார் 530 லிட்டர். முழுத் தொட்டி எட்டரை நிமிடத்தில் காலி. அதே அழுத்தத்தில் 12.5 மி.மீ. நாசில் சுமார் 210 லிட்டர்தான் விடும், தொட்டி 21 நிமிடம் தாங்கும். சீறும் தண்ணீரைப் பார்த்துக் கூட்டம் கைதட்டும். ஆனால் பக்கத்தில் ஏரியோ குளமோ இல்லாத ஊரில் பெரிய நாசிலைத் தேர்ந்தெடுப்பவர் பத்தாவது நிமிடத்தில் வெறும் ஹோஸோடு நிற்பார்.

“கிணறுதான் பக்கத்திலேயே இருக்கே” என்று ஊர்க்காரர்கள் கேட்பது நியாயமாகத்தான் படும். சக்‌ஷன் என்பது பம்ப் இழுப்பதல்ல, வெளிக்காற்று தண்ணீரை மேலே தள்ளுவது. ஏட்டுக் கணக்கில் 10.3 மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டரைத் தாண்டாது. தண்ணீர் நாற்பது அடிக்குக் கீழே கிடக்கும் கிணற்றுக்குள் எத்தனை சக்‌ஷன் ஹோஸ் இறக்கினாலும் பயனில்லை. அங்கே மிதவைப் பம்ப் வேண்டும், இல்லையென்றால் தோட்டத்து மோட்டாரைப் போடச் சொல்லித் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். குளத்தில் எடுக்கும்போது சல்லடை நீர்மட்டத்துக்குக் கீழே குறைந்தது ஓரடி மூழ்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுழி விழுந்து காற்றை இழுக்கும். ஆகாயத்தாமரை மண்டிய குளமென்றால் சல்லடைக்குமேல் கூடையும் கட்ட வேண்டும்.

7 அக்டோபர், திங்கள்

புகைக்குள் போகும்போது அணியும் மூச்சுக்கருவி. சிலிண்டர் 6 லிட்டர், 300 பார்: பெருக்கினால் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 45 நிமிடம். அதில் பத்து நிமிடம் பாதுகாப்புக்கு ஒதுக்கிவிட்டால் வேலைக்கு 35 நிமிடம். இது தாளில் உள்ள கணக்கு. மூட்டை தள்ளி, படியேறி, பதற்றத்தில் மூச்சுவிடுபவர் 60 லிட்டருக்கு மேலும் இழுப்பார், அவருக்கு மொத்தமே அரை மணி நேரம்தான். 55 பார் அளவில் விசில் ஊதும். அது வெளியே கிளம்புவதற்கான நேரம் அல்ல, வெளியே வந்து சேர்ந்திருக்க வேண்டிய நேரம்.

கசிவுச் சோதனை: சிலிண்டரைத் திறந்து மூடிவிட்டு ஒரு நிமிடம் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். 10 பாருக்கு மேல் இறங்கினால் அந்தக் கருவி வண்டியில் ஏறக் கூடாது. பிறகு மெதுவாகக் காற்றை விட்டு, விசில் சரியான இடத்தில் ஊதுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கார்த்திகை வருகிறது. மாலை போடுபவர்கள் தாடி வளர்ப்பார்கள். பக்தியில் தலையிட யாருக்கும் விருப்பமில்லை. ஆனால் முகக்கவசத்தின் ரப்பர் தோலில் ஒட்டினால்தான் காக்கும், தாடியில் ஒட்டாது. மாலை போட்டிருப்பவருக்கு அந்த நாட்களில் பம்ப்பையோ, வெளியே நின்று நுழைவுநேரம் எழுதும் பலகையையோ கொடுத்துவிடலாம். பணிப்பட்டியலை இப்போதே மாற்றிவைத்தால் அன்றைக்குத் தகராறு இருக்காது.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. வண்டிகளுக்குக் குளியல், சந்தனம், குங்குமம், பொரி கடலை. மூன்று எச்சரிக்கை: வாழைக்கன்றை முன்விளக்கு மறையும்படி கட்டாதீர்கள். அழுத்தமானிக் கண்ணாடிமேல் சந்தனப் பொட்டு வேண்டாம், காய்ந்தபின் முள் தெரியாது. மாலையின் நூல் ரேடியேட்டர் விசிறிப் பக்கம் தொங்கக் கூடாது. பூஜை நடுவில் மணி அடித்தாலும் வண்டி கிளம்பும், எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் தானே நசுங்கிக்கொள்ளும்.

14 அக்டோபர், திங்கள்

மழைக்கால வேலையில் பாதி மரம் அறுப்பது. பவர் சா எரிபொருள்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில். சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய் வேறு, அதன் தொட்டியும் வேறு. அவசரத்தில் இரண்டையும் மாற்றி ஊற்றியவர்கள் எல்லா நிலையத்திலும் உண்டு. போன மழைக்குக் கலந்து வைத்த பெட்ரோலைக் கொட்டிவிடுங்கள், அதைப் போட்டால் கார்புரேட்டர் பிசினாகும்.

விழுந்த மரம் செத்த மரமல்ல. வளைந்து கிடக்கும் கிளையில் ஒரு பக்கம் இழுபட்டிருக்கும், மறுபக்கம் நசுங்கியிருக்கும். முதலில் நசுங்கிய பக்கத்தில் சிறிதளவு வெட்டு, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து முழு வெட்டு. மாற்றிச் செய்தால் ஒன்று வாள் சிக்கும், இல்லையென்றால் கிளை பிளந்து முகத்தில் அடிக்கும். வாளின் மூக்கு நுனி எதிலும் படக் கூடாது. பட்டால் இயந்திரம் எகிறி ஆளின் மேலேயே திரும்பும். தூங்குமூஞ்சி மரம் பார்க்கச் சாது, கிளையின் எடை மோசம். தென்னைக்கு வெளிவட்டம்தான் கடினம், நாரும் தூளும் சங்கிலியை மழுக்கும். அடுத்த சங்கிலியைக் கையோடு எடுத்துப் போங்கள்.

மரம் மின்கம்பிமேல் கிடந்தால் மின்வாரியக்காரர் வந்து, “லைன் ஆஃப்” என்று அவர் வாயால் சொல்லும்வரை தொடுவதில்லை. தெருவிளக்கு அணைந்திருப்பது சாட்சியாகாது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் ஜெனரேட்டர் தவறாக இணைக்கப்பட்டிருந்தால் மின்சாரம் கம்பிக்குத் திரும்பி வரும்.

ரப்பர் படகு: காற்றடித்து இரவு முழுக்க விட்டு, காலையில் பார்த்தாயிற்று. ஓர் அறை தளர்ந்திருக்கிறது. சோப்புத்தண்ணீர் தடவியதில் குமிழி வந்தது வால்வைச் சுற்றி, துணியில் அல்ல. நடுவெயிலில் முழு அழுத்தம் ஏற்றி வெளியே போடக் கூடாது, காற்று விரிந்து ஒட்டு விடும்.

18 அக்டோபர், வெள்ளி

கிணறும் கழிவுநீர்த் தொட்டியும். முதலில் விழுந்தவரைவிட, அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும்தான் மனதில் நிற்கிறார்கள்.

கிணற்றுக்குள் டீசல் இன்ஜினை இறக்கி ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு தங்கும். அதற்கு மணம் கிடையாது. கழிவுத் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை வாடை. செறிவு ஏறி 100 பி.பி.எம்.மை (பத்து லட்சத்தில் நூறு பங்கு) நெருங்கும்போது மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும். “வாடை போயிடுச்சு, இறங்கலாம்” என்பதைப் போல ஆபத்தான பேச்சு வேறில்லை. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஆக்சிஜன் குறைவை மட்டும் சொல்லும், நச்சைச் சொல்லாது. மீத்தேன் இருந்தால் தானே பற்றவைக்கும்.

வாயுமானியைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவில், அடியில் என மூன்று இடத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும். மீத்தேன் மேலே ஏறும், ஹைட்ரஜன் சல்பைடு அடியில் படியும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மூச்சுக்கருவி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. ஊதுகுழாயால் காற்றைச் செலுத்துங்கள். ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து உள்ளே விடாதீர்கள், அது தீயை வளர்க்கும். இறங்குபவரின் உடலில் கயிறு, மேலே கயிற்றைத் தாங்கும் முக்காலி, அருகில் முழு உடுப்போடு இன்னொருவர். இந்த இன்னொருவர் இல்லையென்றால் முதலாமவரும் இறங்குவதில்லை.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இருந்தும் அழைப்பு வந்துகொண்டேதான் இருக்கிறது.

23 அக்டோபர், புதன்

பட்டாசுக் கடைப் பார்வை. வெடிபொருள் விதிகள் 2008 தற்காலிகக் கொட்டகைகளுக்குச் சொல்வது: ஒன்றுக்கொன்று 3 மீட்டர் இடைவெளி, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களிலிருந்து (வீடு, பள்ளி, கோயில் போன்றவை) 50 மீட்டர், ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கக் கூடாது, ஒரு தொகுப்பில் 50 கடைக்கு மேல் கூடாது. விளக்கு சுவரிலோ கூரையிலோ நிலையாகப் பொருத்தியிருக்க வேண்டும், வயரில் தொங்கக் கூடாது. எதிரெதிர்க் கடை கூடாது என்பதன் காரணத்தைச் சொன்னால் வியாபாரிகள் ஒப்புக்கொள்கிறார்கள்: ஒரு கடையிலிருந்து பறக்கும் ராக்கெட் நேராக எதிர்க்கடைக்குள் பாயும்.

தீயணைப்பான்களில் கண்ட குறை வழக்கமானதே. முள் பச்சையில் நிற்கிறது, ஆனால் கருவி அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால். வாசலருகே, கையெட்டும் உயரத்தில் மாட்டச் சொல்லியிருக்கிறோம். தண்ணீர் வாளி இருந்த இடங்களில் குப்பை போடுகிறார்கள்.

28 அக்டோபர், திங்கள்

கல்யாண மண்டபச் சமையல்காரர்களுக்குச் செயல்விளக்கம். எல்.பி.ஜி. திரவம் ஒரு லிட்டர் வெளியேறினால் சுமார் 250 லிட்டர் வாயு. காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு ஊர்ந்து சாக்கடைக்குள்ளும் இறங்கும். காற்றில் இரண்டு சதவீதம் கலந்தாலே பற்றும். வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, இரண்டிலும் பொறி உண்டு. ரெகுலேட்டரில் தீ எரிந்தால் ஈரச் சாக்கைத் தன் பக்கத்திலிருந்து மேலே போர்த்திக்கொண்டே குமிழைத் திருப்ப வேண்டும். மூட முடியாதபோது எரியும் தீயை மட்டும் அணைப்பது தப்பு. கசிவு தொடர்ந்து அறை நிறைந்து, அடுத்த பொறியில் மொத்தமாக வெடிக்கும். படுத்திருக்கும் சிலிண்டரை நிமிர்த்துங்கள், படுத்தால் வாயுவுக்குப் பதில் திரவம் கொட்டும்.

30 அக்டோபர், புதன்

நாளை தீபாவளி. அரசு அனுமதித்த வெடிநேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. ஊர் அந்த நேரத்துக்குக் கட்டுப்படும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. கூரை வீடுகள் அடர்ந்த தெருமுனையில் சின்ன வண்டி, கடைத்தெருவில் பெரிய வண்டி.

கூரைத் தீயில் எரியும் வீட்டைவிடப் பக்கத்து வீடு முக்கியம். காற்று போகும் திசையிலுள்ள கீற்றை முதலில் நனைத்துவிட்டு எரிவதற்குத் திரும்ப வேண்டும். வீட்டுக்குள் சிலிண்டர் உண்டா என்று கேட்டு வெளியேற்ற வேண்டும். மேலே தண்ணீர் அடித்தால் கீற்று மழைக்கு வழிந்தோடச் செய்ததுபோலவே அதையும் வழியவிடும், உள்ளே கனல் அப்படியே இருக்கும். தொரட்டியால் கிளறி இழுத்துப் போட்டு நனைத்தால்தான் மீண்டும் பிடிக்காது. கும்பகோணம் பள்ளித் தீயில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைக் கொண்டுபோனதும் கீற்றுக் கூரைதான். பள்ளிகளிலிருந்து அது போய்விட்டது, வீடுகளில் இருக்கிறது.

கட்டுப்பாட்டு அறையில் 101 எடுப்பவர் கேட்க வேண்டிய வரிசை: எங்கே, எது எரிகிறது, உள்ளே ஆள் உண்டா, வண்டி நுழையும் வழி எது. “கோயில் பக்கம்” என்றால் எந்தக் கோயில் என்று கேட்காமல் போனை வைக்கக் கூடாது. தீக்காயத்துக்கு இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர். பேனா மை, பற்பசை, காப்பித்தூள் வேண்டாம் என்று அழைப்பவரிடமே சொல்லிவிடலாம்.

1 நவம்பர், வெள்ளி

பயன்படுத்திய ஹோஸ் ஏழு. கழுவி, ஹோஸ் காயவைக்கும் கோபுரத்தில் தொங்கவிட்டாயிற்று. காகிதத் துகளும் களிமண்ணும் இணைப்பின் பல்லில் சிக்கியிருந்தன, பழைய பல்துலக்கி இதற்கு நல்ல கருவி. காலையிலிருந்து தூறல், ஹோஸ் காயவில்லை. ஈரத்தோடு சுருட்டினால் பூசணம் பிடிக்கும் என்பதால் வண்டிக்கு இருப்பிலுள்ள வேறு ஏழு ஹோஸை ஏற்றி, எண்களைப் பதிவேட்டில் மாற்றி எழுதியாயிற்று. சக்‌ஷன் வாஷர் பத்து கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. மீண்டும் வெற்றிடச் சோதனை செய்ததில் முள் ஒரு நிமிடத்தில் 0.1 பார்தான் இறங்கியது.