கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சுருள் முடி

லண்டன் ஹட்டன் கார்டனில் பழைய நகைகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். மோதிரம், செயின், புரூச் எல்லாம் வரும். ஆனால் அன்பானவரின் படத்தையோ தலைமுடியையோ உள்ளே வைத்து மூடும் பதக்கமான விக்டோரியா காலத்து லாக்கெட் வந்துவிட்டால் கையிலிருக்கும் வேலையை ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன். மற்ற நகைகள் நாலு பேர் பார்க்கப் போடுவது. லாக்கெட்டின் உள்பக்கம் போட்டுக்கொண்டவருக்கு மட்டுமே.

பழுது பெரும்பாலும் கீலில்தான். திறந்து மூடியே கீல் ஊசி தேய்ந்து, மூடி ஆட்டம் கண்டிருக்கும். பழைய ஊசியைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி செருகினால் போதும். நெருப்புக் காட்டக் கூடாது, ஒலி அதிர்வால் நகையைத் தண்ணீரில் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடவே கூடாது. உள்ளே இருப்பது காகிதமும் தலைமுடியும். ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணாடிக்கு அடியில் புகுந்தாலும் போட்டோவில் கறை ஏறிவிடும்.

லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் தங்கத்தின் தர முத்திரையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் முத்திரை இட்டது. 15 கேரட் என்றிருந்தால் 1854-க்கும் 1932-க்கும் இடைப்பட்டது. அதற்குப் பிறகு இங்கே அந்தத் தரத்துக்கு முத்திரை இல்லை. முன்மூடியும் பின்மூடியும் மட்டும் 9 கேரட், உள்சட்டம் சாதா உலோகம் என்று ஒரு வகை உண்டு. விலை குறைவு. எனக்கு அதிகம் பிடித்தது அதுதான். வசதியில்லாதவர்கள் ஆசைப்பட்டு வாங்கி, பூவேலை மழுங்கும்வரை கழற்றாமல் போட்டிருந்தது தெரியும்.

உருவத்தை நகைக்குள் மூடி வைக்கும் பழக்கம் அதற்கெல்லாம் முந்தியது. இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் அணிந்த, 1575 வாக்கில் செய்த மோதிரம் ஒன்று திறந்து மூடக்கூடியது. உள்ளே ஒரு பக்கம் அவர் உருவம். மறுபக்கம் ஒரு பெண், தலை வெட்டப்பட்ட அவருடைய தாய் ஆன் போலின் என்றே பலரும் கருதுகிறார்கள். 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்ததும் விக்டோரியா மகாராணி அவர் முடியை லாக்கெட்டில் வைத்து அணிந்தார். இறந்தவர் நினைவாக அணியும் துக்க நகை நாடெங்கும் பரவியதற்கு அவருடைய நீண்ட துக்கம் பெரிய காரணம். நகையில் வைக்கக் கொடுத்த முடியை நகைக்காரர் மாற்றிவிடுவாரோ என்ற பயமும் அன்று இருந்தது. அதனாலேயே பல பெண்கள் முடி பின்னும் வேலையை வீட்டிலேயே கற்றுக்கொண்டார்கள். அந்தப் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. வேறு எவருடைய முடியோ உள்ளே இருந்தால் அது வெறும் தங்கம்தானே.

சமீபத்தில் ஒரு வியாபாரி கறுப்பு எனாமல் லாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தார். கண்ணாடிக்கு அடியில் வெளிர்பழுப்பு முடி. இறகுபோல வளைத்து, அடியில் மெல்லிய தங்கக் கம்பி சுற்றி, கடுகளவு முத்துகள் வைத்திருந்தார்கள். கூடவே ஒரு நரைத்த இழை. “இதையெல்லாம் எடுத்துவிடுங்கள், காலியாக இருந்தால்தான் விற்கும்” என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. யார் முடி என்று சொல்ல இன்று ஆளில்லை என்பது அதை வீச ஒரு காரணமே அல்ல. எடுத்துவிட்டால் திரும்ப வைக்க வழியும் கிடையாது.

எதிர்ப்பக்கச் சட்டம் காலியாக இருந்தது. அதன் அளவுக்கு நீள்வட்டமாக ஒரு காகிதத்தை வெட்டிக் காட்டி, வாங்குகிறவர் தன் பிள்ளையின் போட்டோவை இங்கே வைக்கட்டும் என்றேன். சற்று யோசித்தார். பிறகு கீலை மட்டும் சரிசெய்யச் சொல்லிவிட்டுப் போனார்.