மகளுக்கு சாஃப்ட்பால் வீசக் கற்றுக்கொடுத்த கதை

போன ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே மகள் வந்து சொன்னாள், "எப்பா, என்னை பிச்சரா போட்டுட்டாங்க." பேஸ்பால் மாதிரி ஆடும் சாஃப்ட்பாலில் பந்து வீசுகிறவர்தான் பிச்சர், கீழ்க்கையில்தான் வீச வேண்டும். அவளுக்கு அப்போது பதினோரு வயது. ஏன் உன்னை என்று கேட்டேன். "நான்தான் உசரம்." தேர்வு அவ்வளவுதான். பள்ளியில் பி.டி. சார் ஒருத்தர்தான், கபடிக்கும் அவர்தான், கோகோவுக்கும் அவர்தான். "வீட்ல கொஞ்சம் பழக்கி விடுங்க சார்" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

நான் தாராவியில் டென்னிஸ் பந்தில் வேகமாகப் போட்டு வளர்ந்தவன். 1981இல் ஆஸ்திரேலியாவின் டிரெவர் சாப்பல், சிக்ஸர் போகக் கூடாதென்று பந்தைத் தரையோடு உருட்டிவிட்டதிலிருந்து கிரிக்கெட்காரனுக்கு அண்டர்ஆர்ம் என்றாலே கேலிதானே. கீழ்க்கையில் வீசுவதில் என்ன பெரிய வித்தை என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் ஞாயிறு செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் பிடித்து மும்பை சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் இறங்கி, தோபி தலாவ் விளையாட்டுச் சாமான் கடைகளுக்கு நடந்தோம். பந்து பன்னிரண்டு அங்குலம் என்றார்கள். குறுக்களவு என்று நினைத்துப் பயந்துவிட்டேன், அது சுற்றளவு. கையில் வாங்கினால் ஒரு பெரிய மாதுளம்பழம். எடை 178இலிருந்து 198 கிராமுக்குள் இருக்க வேண்டும். கிரிக்கெட் பந்தே 163 கிராமைத் தாண்டாது. பெயரில்தான் சாஃப்ட், காலில் பட்டால் தெரியும். கையுறை வாங்கும்போது "ரைட் ஹேண்ட்" என்று சொல்லி, வலது கையில் மாட்டுவதை வாங்கி வந்துவிட்டேன். வலது கையால் வீசுகிறவளுக்குக் கையுறை இடது கையில். மாற்றுவதற்காக அடுத்த ஞாயிறும் அதே ரயில்.

அடுத்த மூன்று வாரத்தை நான்தான் கெடுத்தேன். மொட்டை மாடியில் ஸ்டம்ப் நட்டு, "அதை அடி" என்றேன். வாயைத் திறந்தால் "கையை மடக்காத, கையை மடக்காத" என்றுதான் வந்தது. கிரிக்கெட்டில் முழங்கை மடங்கி நிமிர்ந்தால் எறிகிறான் என்பார்கள், அந்தப் பயம் எனக்கு ரத்தத்தில் ஊறியது. அவளும் கையைக் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு சுற்றினாள். ஒரு பந்து பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவில் பட்டது, இன்னொன்று தண்ணீர்த் தொட்டியில். குடியிருப்புச் சொசைட்டி செக்ரட்டரி மேலே ஏறி வந்து, என்னை ஒன்றும் சொல்லாமல் ஆன்டெனாவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து வீடியோக்களைப் பார்த்தேன். இதில் இரண்டு கட்சி இருக்கிறது. மணிக்கட்டைச் சொடுக்கி, வீசி முடித்ததும் முழங்கையை முகத்துக்கு நேரே தூக்கு என்பது பழைய கட்சி. கையைத் தளர்வாக விடு, முன்கை தானே உள்பக்கம் திரும்பிக்கொள்ளும் என்பது புதிய கட்சி. நான் இரண்டாவதில் சேர்ந்தேன், காரணம் எளிது. முதலாவதைச் சொன்னால் என் மகள் மறுபடி விறைத்தாள். முழங்கை லேசாக வளைந்திருக்க வேண்டும். கை இறங்கி வரும்போது முன்கை இடுப்பை உரச வேண்டும். அந்த உரசலில் மேல்கை தயங்கும், முன்கை மட்டும் முந்திக்கொண்டு பாயும். ஈரத் துண்டை உதறும்போது நுனி சொடுக்குமே, அதேதான்.

ஆகவே வாலில் இருந்து, அதாவது வீச்சின் கடைசி அசைவிலிருந்து ஆரம்பித்தோம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, மாடிக்குப் போக வழியில்லை. ஹாலில் மெத்தையைச் சுவரில் சாய்த்து, அதற்கு எட்டடி தள்ளி அவளைப் பக்கவாட்டில் நிறுத்தினேன். பந்து கிடையாது, சுருட்டிய காலுறைதான். கையைச் சுற்றக் கூடாது, காலை நகர்த்தக் கூடாது. இடுப்பில் முன்கை உரச, ஒரு வீச்சு. குறி எதுவும் வைக்கவில்லை. குறி வைத்தால் பிள்ளைகள் பந்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்ப்பார்கள், வீசமாட்டார்கள். பத்து நாள் அது மட்டும்தான். "இதுக்குப் பேரு வெளையாட்டாப்பா?" என்று கேட்டாள். என் மனைவிக்கோ எந்தக் காலுறைக்கும் ஜோடி கிடைக்கவில்லை.

அப்புறம் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பாதி வட்டம். பாதி வட்டம் வந்துவிட்டது. முழு வட்டம் வரவே இல்லை. கை உச்சிக்குப் போனதும் ஒரு கணம் நிற்கும், பிறகு பலத்தையெல்லாம் கூட்டி இடிப்பாள். எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

விடை ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவிடம் இருந்தது. பேத்தி படும் பாட்டை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், பால் தூக்குவாளியில் பாதி தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து, "ஏட்டி, இதைச் சுத்து, தண்ணி சிந்தாம" என்றாள். சின்ன வயதில் நாமெல்லாம் சுற்றியதுதான். முதல் சுற்றிலேயே தலையெல்லாம் தண்ணீர். உச்சியில் நிறுத்தினால் கொட்டும், கையை விறைத்தாலும் வெட்டி வெட்டிப் போய்ச் சிந்தும். உடம்பை விட்டு விலகிச் சுற்றினால் வாளி சுவரில் இடிக்கும். நாலாவது சுற்றில் ஒரு சொட்டு சிந்தவில்லை. வாளியைக் கீழே வைத்ததும் அதே கையில் காலுறையைக் கொடுத்தேன். மெத்தையில் விழுந்த சத்தமே வேறாக இருந்தது. நான் மூன்று வாரம் தொண்டை கிழியக் கத்தியதை அம்மா மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டுக் குழம்பைக் கிண்டப் போய்விட்டாள்.

ஆகஸ்டில் மழை விட்ட நாட்களில் மாடிக்குத் திரும்பினோம். கால் பாடத்துக்குக் கோலப்பொடி. அவள் நிற்கும் இடத்திலிருந்து நான் உட்காரும் இடம் வரை ஒரே நேர்க்கோடு. உந்திப் பாய்ந்தால் இடது கால் கோட்டின் மேல் விழ வேண்டும், பாதம் கொஞ்சம் சாய்ந்து, ஏறக்குறைய 45 பாகையில். இவள் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் வைப்பாள். அப்படி வைத்தால் இடுப்பு கைக்குக் குறுக்கே வந்துவிடும். ஒருநாள் பந்து அவள் தொடையிலேயே அடித்து நீலம் பாரித்தது. வலது கால் தரையை இழுத்துக்கொண்டே வர வேண்டும். நடுவில் குதித்து இன்னொரு இடத்திலிருந்து மறுபடி உந்தினால் அது தப்பு வீச்சு. புதுச் செருப்பு ஒன்றின் பெருவிரல் பக்கம் ஓட்டையானபோது கால் சரியாக வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

பிச்சருக்கும் பந்தை அடிக்கிறவர் நிற்கும் இடத்துக்கும் நடுவே அவள் வயதுக்கு 40 அடி தூரம். பெரியவர்கள் ஆட்டத்தில் 43 அடி. நாங்கள் 25இல் தொடங்கி மெதுவாக நகர்ந்தோம். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியில் நான் கேட்சராக, பந்தைப் பிடிக்கிறவனாக உட்கார்ந்திருப்பேன்.

இங்கே என் இரண்டாவது முட்டாள்தனம். உற்சாகப்படுத்தலாமென்று ஜப்பானின் யுகிகோ உயெனோ கதையைச் சொன்னேன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டே நாளில் மூன்று ஆட்டம், 413 பந்து வீசித் தங்கம் வாங்கினார். 2021இல் டோக்கியோவில், 39 வயதில், மறுபடி தங்கம். மகள் அந்த 413ஐ மட்டும் பிடித்துக்கொண்டாள். தினமும் நூறு, நூற்றிருபது என்று வீசினாள், நானும் பெருமையாக எண்ணினேன். ஒரு ராத்திரி தலை வார இடது கையில் சீப்பைப் பிடித்தாள். வலது தோளின் முன்பக்கம் வலி, நாலு நாளாக. ஏன் சொல்லவில்லை என்றால், "அவங்க 413 போட்டாங்கல்ல." கீழ்க்கை வீச்சு தோளை ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் சொல்வார்கள். நம்பாதீர்கள். டாக்டரிடம் காட்டினோம், இரண்டு வாரம் பந்தைத் தொடவில்லை. இப்போது முழு வீச்சு நாளுக்கு 40 பந்துதான், வாரத்துக்கு நாலு நாள். மீதி காலுறை.

குறியைத் திரும்ப வைத்தது அக்டோபரில்தான். அதற்கும் நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. பந்து மேலே போனால் தாமதமாக விட்டிருக்கிறாய், கீழே குத்தினால் சீக்கிரம் விட்டிருக்கிறாய். "லேட்டு", "சீக்கிரம்" என்று ஒவ்வொரு பந்துக்கும் அவளே சொல்லிக்கொள்வாள். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

டிசம்பரில் முதல் ஆட்டம், இன்னொரு பள்ளியோடு. முதல் இன்னிங்ஸில் ஐந்து பேருக்குக் குறி தப்பி நாலு நாலு பந்து போட்டு, அடிக்காமலே முதல் பேஸுக்குச் சும்மா நடக்கவிட்டாள். இதற்கு 'வாக்' என்று பேர். ஐந்தாவது 'வாக்' ஆனதும் என் பக்கம் திரும்பினாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. அவள் கையைக் கீழே தொங்கவிட்டு, கண்ணை மூடி, வெறும் கையை ஒரு தடவை சுற்றினாள். தூக்குவாளிதான். அடுத்த பெண்ணுக்கு மூன்று ஸ்ட்ரைக், அவள் அவுட். ஆட்டம் 11–4 என்று தோற்றோம்.

ஜனவரியிலிருந்து 43 அடியிலும் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறாள். டேப் வைத்து அளந்தோம். மாடி சுவருக்குச் சுவர் 42 அடி. தரைத்தளத்தில் கார்கள் நிற்கும் பாதையைக் காலையில் ஒரு மணி நேரம் கேட்கலாமென்று செக்ரட்டரிக்கு மனு எழுதியிருக்கிறேன். ஆன்டெனா விஷயத்தை அவர் மறந்திருக்க வேண்டும்.